சத்தம் கேட்டால் போய்ப் பார்த்துவிட்டு வா

பெண்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் என்னிடம் கேட்ட கேள்வி, காவிரி எங்கே பிறக்கிறது என்பது. எனக்குப் பதில் தெரியும். சொல்வதற்கு வாயையும் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வெளியே 'டம்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு 'டம்'.

நான் எழுந்தேன். என் தம்பி சேது எழுந்தான். தங்கை வள்ளி அம்மா மடியிலிருந்து இறங்கினாள். மூன்று பேரும் வயது வரிசைப்படி அறையை விட்டு வெளியே நடந்தோம். ஓடவில்லை. ஓடிப் போனால், சத்தம் போடுகிறது எதுவானாலும் நிறுத்திவிடும் என்பது எங்களுக்கு முன்பே நடத்தப்பட்ட பாடம்.

பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். பெரிய டீச்சர் நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பேனா அப்படியே இருந்தது. அம்மா மட்டும் எப்போதும்போல, "என்னது?" என்று கேட்டாள்.

"ஆடு" என்றேன்.

"குடிதண்ணிப் பானைக்குள்ள தலைய விட்டுக்கிட்டு எடுக்க முடியாம செவத்துல முட்டுது" என்றான் சேது.

"அழுகுது" என்றாள் வள்ளி.

"அழுகுறதப் பாத்தியா, நீயா நெனச்சுக்கிட்டியா?"

வள்ளி கொஞ்சம் யோசித்தாள். "கத்துது" என்று திருத்திக்கொண்டாள்.

அம்மா தலையை ஆட்டினாள். பெரிய டீச்சர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் எனக்கு இடம் கிடைக்குமா என்பது அந்தப் பேனாவில் இருந்தது.

பெஞ்சு மேல் நின்றவள்

போன வாரம் எங்கள் வீட்டுக் கோழிகளைப் பற்றி எழுதும்போது, 'நாங்கள் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள்' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். வாசகர்கள் சிலருக்கு அது தொண்டையில் முள்ளாகச் சிக்கிவிட்டதாம். காரைக்குடியில், அத்தனை பள்ளிக்கூடம் இருக்கிற ஊரில், ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். ஊரும் அப்போது அதைத்தான் கேட்டது. ஆகவே அதைச் சொல்லிவிட்டே ஆட்டுக்குத் திரும்புகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போனேன். சில நாள் போனேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்னப் பள்ளி. ஒன்றாம் வகுப்பு. ஒருநாள் தெருவில் கொட்டுச் சத்தம் கேட்டது. எழுந்து வாசலுக்குப் போனேன். வாத்தியார் என்னைக் கூட்டிவந்து பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார். அது தண்டனை என்று எனக்குத் தெரியவில்லை. பெஞ்சு மேல் நின்றால் ஜன்னல் வழியாக ஊர்வலம் முழுக்கத் தெரிந்தது. நல்ல வாத்தியார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் இதை வீட்டில் சந்தோஷமாகச் சொன்னேன். அம்மா சட்டியைக் கிண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். மறுநாள் காலையில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பவில்லை. "இனிமே வீட்லதான்" என்றாள். அப்பா, "சரி" என்றார். அப்பா பெரும்பாலும் சரி என்பார். அவர் வேலை டவுன் பஸ் ஓட்டுவது. நாள் முழுக்க ஊரோடு கத்திவிட்டு வருகிறவருக்கு வீட்டில் பேச மிச்சம் இருக்காது.

அம்மா கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் சில வருஷம் டீச்சராக இருந்தவள். நான் பிறந்ததும் விட்டுவிட்டாள். அதனால் எழுத்து, கணக்கு, பூகோளம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆனால் அவளுடைய பள்ளிக்கூடத்தில் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, சத்தம் கேட்டால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இரண்டு, பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும், நினைத்ததைச் சொல்லக்கூடாது. பாதிக் கணக்கில் இருந்தாலும் சரி, வாயில் சோறு இருந்தாலும் சரி, சத்தம் கேட்டால் எழுந்துவிட வேண்டும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "காது எதுக்கு இருக்கு?" என்றாள்.

எங்களை ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்பதற்கு ஊர் பல காரணம் வைத்திருந்தது. ஜாதகத்தில் கல்விக்குத் தடை என்றார்கள். மூன்று பேருக்கும் ஏதோ ஒட்டுவியாதி என்று ஒரு பேச்சு. கோயிலில் ஒரு அம்மாள் என்னை நிறுத்தி, மனமிரங்கி, நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டார். நானும் பவ்யமாக நின்று பூசிக்கொண்டேன்.

லீவு விட்டால் பாடம் கூடும்

கோடை லீவு என்பது மற்ற பிள்ளைகளுக்கு. எங்களுக்கு லீவு விட ஆள் இல்லை. அதோடு, லீவு விட்டதும் அப்பா ஓட்டுகிற பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் குறைந்துவிடும். மத்தியான நடையில் பஸ் காலியாகவே ஓடும். டிரைவர் வீட்டு ஆட்கள் அந்த நேரம் ஏறிக்கொள்ளலாம் என்று முதலாளி பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். வாரத்துக்கு ஒருநாள் கோயிலுக்குப் போவோம் என்று நினைத்துச் சொல்லியிருப்பார். அம்மா தினமும் ஏறினாள், பள்ளிக்கூடத்தோடு.

மானகிரியில் கிளம்பி, கோவிலூர், காரைக்குடி வழியாகக் கோட்டையூர் போய்த் திரும்புகிற பஸ் அது. டிரைவருக்குப் பின்னால் இருக்கிற நீள சீட்டுதான் எங்கள் வகுப்பு. சிலேட்டு, பல்பம், ஒரு தூக்குவாளியில் நீர்மோர். அனல் காற்று ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். டீசல் வாசனையும் நீர்மோரில் போட்ட பெருங்காய வாசனையும் சேர்ந்து அடிக்கும். இன்றைக்கும் பெருங்காயம் மணந்தால் எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு ஞாபகம் வருகிறது.

கண்டக்டர் சுப்பையா அண்ணனுக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. அம்மா கணக்குப் போடும்போது அவரும் நின்று கேட்பார். சேதுவுக்கு முன்னால் விடையைச் சொல்லிவிட்டு அம்மாவிடம் திட்டும் வாங்குவார். "கேட்டது ஒங்களயா?" என்பாள் அம்மா. "இல்லக்கா" என்று அவர் டிக்கெட் போடப் போய்விடுவார்.

பஸ் நிற்கிற இடத்தில் சத்தம் கேட்டால் இறங்குவோம். அதுதான் எங்கள் கோடைப் பயணம். சத்தம் எங்கே இருக்கிறதோ அங்கே போவோம்.

இப்படித்தான் ஒரு மத்தியானம் கோவிலூர் மடத்துக்குள் போனோம். உள்ளேயிருந்து ஒரே சீராக ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒருத்தரு சத்தமாப் படிக்கிறாரு, கேக்க வந்தவுக எல்லாரும் தூங்குறாக" என்றேன். சேது, "ஒருத்தரு தூங்கல, கண்ண மூடிருக்காரு" என்றான். அவர் தூங்குகிறாரா தியானம் செய்கிறாரா என்பதைப் பார்த்துச் சொல்ல அம்மா மறுபடி அனுப்பினாள். போய் அவர் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தோம். கடைசியில் குறட்டை வந்தது. தெளிவோடு திரும்பினோம்.

முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் ஒரு தெருவில்

கோட்டையூரில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். அப்பா இறங்கி டீ குடிப்பார். ஒருநாள் அப்படி நின்றபோது, ஒரு பெரிய வீட்டுக்குள்ளிருந்து 'ணங், ணங்' என்று சத்தம் கேட்டது. இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம். நாங்கள் இறங்கினோம்.

பின்வாசல் திறந்து கிடந்தது. நுழைந்தோம். அடுப்படியில் யாரும் இல்லை. அடுத்த கட்டுக்குப் போனோம், அங்கேயும் இல்லை. அதற்கடுத்த கட்டு, வெறும் வெயில். சத்தம் எப்போதும் ஒரு கட்டு முன்னாலேயே இருந்தது. அந்த வீடுகளின் நீளம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நடந்து நடந்து வள்ளிக்குத் தாகம் எடுத்துவிட்டது.

வளவு என்கிற உள்முற்றத்தில், வரிசையாகப் பூட்டியிருந்த அறைகளில் ஒன்றின் முன்னால் ஒரு ஆச்சி உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, காதில் வைரத்தோடு. கையில் உலக்கைப் பூண் மாதிரி ஓர் இரும்பு. அதை வைத்துப் பூட்டை அடித்துக்கொண்டிருந்தார். வேறு மனுஷர் யாரும் வீட்டில் இல்லை.

"பூட்ட ஒடைக்கிறாக" என்று சேது எங்களுக்குச் சொன்னான், பார்த்ததை.

ஆச்சி திரும்பிப் பார்த்தார். "யாரு வீட்டுப் பிள்ளைக நீங்க? எங்குட்டு வந்தீக?"

"சத்தம் கேட்டுச்சு, வந்தோம்" என்றேன்.

"இது ஒங்க வீடா?" என்று வள்ளி கேட்டாள். எங்கள் மூவரில் அவள்தான் நேராகக் கேட்கிறவள்.

"அரைக்கால் பங்கு எனக்கு" என்றார் ஆச்சி. "இந்த ரூமு கொழுந்தனுக்குப் பாத்தியப்பட்டது. அவுக பினாங்குல இருக்காக. சாவியும் பினாங்குல இருக்கு. ஊறுகாச் சாடி உள்ள இருக்கு. நானும் எத்தன நாளைக்குத் தயிர வெறுமனே சாப்புடுறது?"

நியாயமாகப்பட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தோம். பூட்டு அசையவில்லை. ஆச்சி களைத்துப்போய், எங்களுக்குத் தண்ணீரும் ஆளுக்கு ஒரு கை சீடையும் கொடுத்து, "வெயிலோட வெயிலா ஒங்க ஆத்தாட்ட போய்ச் சேருங்க" என்று முன்வாசல் வழியாக அனுப்பிவைத்தார்.

தப்பு அங்கேதான் நடந்தது. நாங்கள் நுழைந்த பின்வாசல் ஒரு தெருவில். வெளியே வந்த முன்வாசல் வேறொரு தெருவில். எதிரிலும் அதே மாதிரி வீடு, பக்கத்திலும் அதே மாதிரி வீடு. பஸ்ஸைக் காணோம். வலப்பக்கம் போனோம், இன்னொரு தெரு வந்தது. அதுவும் அதே மாதிரி. வள்ளி சீடையைத் தின்று முடித்துவிட்டு அழத் தயாரானாள். எனக்கும் அழுகை வந்தது. மூத்தவள் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அங்கே பஸ் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. எங்களைத் தேடி அம்மா பின்வாசல் வழியாக உள்ளே போய்விட்டாள். அப்பா கொஞ்சம் பார்த்தார். பிறகு பஸ்ஸை எடுத்து, ரூட்டை விட்டு இறங்கி, ஊருக்குள் விட்டுவிட்டார். தெருத்தெருவாக மெல்ல ஓட்டிக்கொண்டு, ரப்பர் பந்து ஹாரனை அமுக்கினார். ஒரு நீளம், இரண்டு குட்டை. ஒரு நீளம், இரண்டு குட்டை. பஸ்ஸில் இருந்த நாலைந்து பேரும் ஒன்றும் சொல்லவில்லை என்று சுப்பையா அண்ணன் பிற்பாடு சொன்னார். அதில் ஒருவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வீட்டு வாசலிலேயே இறங்கினாராம்.

சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தோம். அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, சட்டையெல்லாம் வேர்த்து, எதிரே வந்தார். எங்களைக் கண்டதும் திட்டுவார் என்று நினைத்தேன். "ஏறுங்க" என்றார். பிறகு கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடியே, "இனிமே இப்பிடி அடிச்சா நம்ம பஸ்ஸு. எங்க இருந்தாலும் வந்து பாக்கணும்" என்றார். அப்பா எங்களுக்கு நடத்திய ஒரே பாடம் அதுதான்.

அம்மா கடைசியாக அந்த வீட்டு முன்வாசல் வழியாக வந்து ஏறினாள். கையெல்லாம் துரு. கையில் ஒரு கிண்ணத்தில் மாவடு.

"பூட்டு?" என்று கேட்டேன்.

"தெறந்துருச்சு" என்றாள். அதற்கு மேல் ஒரு விவரமும் கிடையாது.

எனக்கு வேண்டியிருந்தது

இவ்வளவு ஊர் சுற்றிய பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு வேண்டியிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு மெய்யம்மைக்கு என் வயசு. அவள் ஒவ்வொரு பரீட்சையிலும் கடைசிக்கு முந்தின ரேங்க் வாங்குவாள். அதை அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொல்லுவாள். எனக்கு வயிறெரியும். அவளுக்கு முன்னால் ஒரு வகுப்பே இருந்தது, பின்னால் ஒருத்தி இருந்தாள். எனக்கு முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. எங்கள் வீட்டில் நான் எப்போதும் முதல் ரேங்க். என் வகுப்பில் நான் ஒருத்திதான்.

யாராவது ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து என் பல்பத்தைத் திருட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. மணி அடித்தால் எல்லோரோடும் சேர்ந்து 'ஓ'வென்று கத்திக்கொண்டு வெளியே ஓட வேண்டும். லீவு வேண்டும். லீவு விட்டு நாலு நாள் சும்மா கிடந்து, சலித்துப்போய், 'எப்ப ஸ்கூல் தெறக்கும்' என்று மெய்யம்மை அலுத்துக்கொள்வாளே, அப்படி அலுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கோடையின் கடைசியில் மானகிரியிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். வயல், கிணறு, கமிட்டி என்று ஊர்ப் பொறுப்பில் இருக்கிறவர். சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு ஆரம்பித்தார்.

"பொம்பளப் புள்ளைய இப்பிடி பஸ்ஸுல ஏத்தி வெயில்ல சுத்த விட்டா நாளைக்கு யாரு வந்து கேப்பாக? ஊருல என்ன பேசுறாக தெரியுமா? அந்தப் புள்ளைக்கு என்னமோ சீக்குன்னுல்ல பேசுறாக!"

அப்பா, "சரிண்ணே" என்றார். பெரியப்பாவுக்கும் அதே 'சரி', அம்மாவுக்கும் அதே 'சரி'. அம்மா இலையை எடுத்தாள். ஆனால் நான் அடுப்படி நிலையில் நின்று பெரியப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

ராத்திரி சாதம் போடும்போது, "பள்ளிக்கூடம் எப்பிடி இருக்குன்னு இவ போய்ப் பாக்கட்டும்" என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு அனுமதி என்று அர்த்தம்.

உட்காரத் தெரியாத பிள்ளை

அப்படித்தான் ஜூன் மாத ஆரம்பத்தில், பெண்கள் பள்ளிக்கூடத்தில், பெரிய டீச்சர் அறையில் உட்கார்ந்திருந்தோம். சேதுவுக்கும் வள்ளிக்கும் அங்கே ஜோலி இல்லை. தனியாக விட்டுவர இடமில்லாததால் வந்தவர்கள். அந்த ஆடு மட்டும் அன்றைக்குப் பானையில் தலையை விடாமல் இருந்திருந்தால், காவிரி குடகில் பிறக்கிறது என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்குச் சேர்ந்திருப்பேன்.

பெரிய டீச்சர் வெளியூர்க்காரர். அதட்டிப் பேசமாட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, உங்க பொண்ணுக்குக் கணக்கு தெரியுது. வாசிக்கத் தெரியுது. இந்த வகுப்புப் பிள்ளைங்களுக்குத் தெரியாதது எல்லாம்கூடத் தெரியுது. உக்காரத் தெரியல."

பெரிய டீச்சர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"நாப்பது பிள்ளைங்க உக்கார்ற இடம். வெளிய ஆடு கத்தும், வண்டி போகும், ஐஸ்காரன் வருவான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிள்ளை எந்திரிச்சா மத்ததும் எந்திரிக்கும். ஒரு வருஷம் வீட்டுல உக்காரப் பழக்குங்க. அடுத்த வருஷம் பாப்போம்."

அடுத்த வருஷம். எனக்கு அந்த இரண்டு வார்த்தைதான் கேட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு அழுதேன். பிறகு வாயைத் திறந்துகொண்டு அழுதேன். "நான் உக்காருவேன். என்ன சத்தம் கேட்டாலும் உக்காருவேன். காதப் பொத்திக்கிறேன். எனக்குப் பள்ளிக்கூடம் வேணும்" என்றேன்.

சத்தம் போட்டது நான் என்பதால் யாரும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சேது மட்டும் எழுந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு இவ்வளவு ஆசை இருந்தது அவளுக்குத் தெரியாது. காதைப் பொத்திக்கொள்கிறேன் என்று நான் சொன்னதும் அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"டீச்சரம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"நான் இவ வயசுல பள்ளிக்கூடத்துல படிச்சவதான். எங்கப்பா செட்டியார் வீட்டுக் கடைக்கு வேலையாளா ரங்கூனுக்குப் போனவுக. ஜப்பான் சண்டைக்குக் கொஞ்சம் முந்தி. கப்பலுக்குப் போற அன்னைக்கு நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். ஸ்டேஷனுக்குப் போற வழியில பள்ளிக்கூட வாசல்ல வண்டிய நிப்பாட்டுனாக. எங்க வண்டி மாட்டு மணி எனக்குத் தெரியும். எந்திரிச்சேன். உக்காருன்னாரு வாத்தியாரு. உக்காந்தேன்."

அறையில் மின்விசிறி இல்லை. பெரிய டீச்சர் மேசைமேல் கிடந்த விசிறியை எடுத்தார், வீசவில்லை.

"பாடம் நடக்குறப்ப வாத்தியாரத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு அவுக உள்ள வரல. மாடு தலைய ஆட்டுறது கேக்குது. கேட்டுக்கிட்டே உக்காந்துருந்தேன். பெறகு மணிச் சத்தம் அங்குட்டுப் போயிருச்சு."

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான். சண்டையில ரங்கூன்ல இருந்து நடந்தே ஊரு வந்து சேந்தவுக இருக்காக. அவுக வரல."

எங்களுக்குத் தாத்தா பர்மாவில் இறந்தார் என்பது தெரியும். வீட்டில் படம் இருந்தது. இது தெரியாது. அழுவதை நிறுத்திவிட்டேன். வள்ளி போய் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய டீச்சர் விசிறியைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டு, "அந்த வாத்தியார் இடத்துல நான் இருந்தாலும் உக்காருன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

"தெரியும்" என்றாள் அம்மா. "நானும் டீச்சர் வேல பாத்தவதான். நானும் சொல்லிருக்கேன்."

வெளியே பானை உடைகிற சத்தம் கேட்டது, பள்ளிக்கூட ஆயா ஆட்டைக் காப்பாற்றியது என்று பிற்பாடு தெரிந்தது. நான் எழவில்லை. இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பெரிய டீச்சர் என் கையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"சேத்துக்கறேன். சும்மா சும்மா எந்திரிக்கக் கூடாது. கண்டிப்பா போகணும்னா டீச்சர்கிட்ட சொல்லிட்டுப் போகணும். சரியா?"

"சொல்லிட்டுப் போவா" என்றாள் அம்மா.

முதல் நாள்

மெய்யம்மைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. முதல் மணி நேரத்திலேயே என் ரப்பரை ஒருத்தி திருடினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

காலையில் வெளியே நிறையச் சத்தம் கேட்டது. ஐஸ்காரன் வந்தான். யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். கால் தானாக எழப் பார்க்கும், நான் இன்னொரு காலால் அதை மிதித்துக்கொள்வேன். காவிரி எங்கே பிறக்கிறது என்று டீச்சர் கேட்டார். நாற்பது பேரோடு சேர்ந்து நானும் கத்தினேன்.

மத்தியானத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்து முக்கில், ஹாரன் கேட்டது. ஒரு நீளம், இரண்டு குட்டை.

கொஞ்சம் பொறுத்தேன். மறுபடி கேட்டது. எழுந்தேன்.

"டீச்சர், சத்தம் கேக்குது. போய்ப் பாத்துட்டு வாரேன்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பெரிய டீச்சர் அவரிடம் முன்பே ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "போய்ட்டு வா" என்றார்.

வாசலில் பஸ் இஞ்சினை நிறுத்தாமல் நின்றது. அப்பா ஹாரனில் கை வைத்தபடி நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நீள சீட்டில் அம்மா, சேது, வள்ளி. இரண்டு சிலேட்டு. நான் உட்காருகிற இடத்தில் நீர்மோர் தூக்குவாளி.

"என்ன சத்தம்?" என்று அம்மா ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"நம்ம பஸ்ஸு."

"யாரு யாரு இருக்கோம்?"

"அப்பா, நீ, சேது, வள்ளி. சுப்பையா அண்ணே."

"கோட்டையூருக்குப் போறோம். சாயங்காலம் வந்துருவோம்" என்றாள். "போயிட்டு வாரோம்த்தா."

நான் தலையை ஆட்டினேன். பஸ் கிளம்பியது. முக்குத் திரும்பும்வரைக்கும் அம்மா தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். அதுவரைக்கும் நானும் நின்றேன்.

வகுப்புக்குள் வந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"என்ன?" என்று கேட்டார் டீச்சர்.

பார்த்ததை மட்டும் சொன்னேன்.

"எங்க அம்மா போறாக, டீச்சர். சொல்லிட்டுப் போறாக."

போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.